பேட்டரித் தண்ணி

எங்க அப்பாவுக்கு இடது காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு முடி இருக்காது. தோல் சுருங்கிப்போய், வெந்து ஆறின மாதிரி வழவழன்னு இருக்கும். சின்ன வயசில் நாங்க அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போம். 'என்னப்பா இது?' என்று கேட்டால், 'பேட்டரித் தண்ணி' என்பார். அதுக்கு மேல் பேச மாட்டார். அந்த ரெண்டு வார்த்தைக்குள் அவருடைய பத்து வருஷம் கிடந்தது என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.

நான் ரேடியோ மெக்கானிக். 1974இல் வேலைக்கு வந்தேன். வால்வு ரேடியோ போய் டிரான்சிஸ்டர் வந்து, டேப் ரெக்கார்டர் வந்து, டி.வி. வந்து எல்லாத்தையும் பார்த்தாச்சு. இப்போ தஞ்சாவூரில் ஒரு சந்துக்குள் பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்திருக்கிறேன். வருகிற வேலையில் பாதி, பழைய வால்வு ரேடியோ சேர்க்கிறவர்கள் கொண்டுவருவது. பாட்டன் வீட்டுப் பரணில் கிடந்ததைத் தூசி தட்டி எடுத்து வருவார்கள். பாட வைக்கணும், ஆனால் பார்வைக்குப் பழசாகவே இருக்கணும் என்பார்கள்.

2023 தை மாசம் ஒருத்தர் காரில் ஒரு செட்டைக் கொண்டுவந்து இறக்கினார். முப்பத்தஞ்சு வயசு இருக்கும். சென்னையில் வேலை. நல்ல மரியாதை. 'சார்' போடாமல் ஒரு பேச்சு பேசவில்லை. தாத்தா வீட்டைச் செப்பனிட்டு, வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிப்போகிற விடுதியா ஆக்குகிறார்களாம். ரேடியோவைக் கூடத்தில் வைக்கணுமாம்.

'எந்த ஊரு தம்பி?' என்றேன்.

சொன்னார். எங்க ஊர். அந்த ஊரில் மாடி வீடு ஒன்றுதான். எங்க அப்பா பண்ணையாளா இருந்த வீடு.

நான் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. 'வச்சிட்டுப் போங்க தம்பி, பாக்கறேன்' என்றேன்.

அவர் போனதும் பின்பக்க அட்டையைக் கழற்றினேன். கரண்டு ஒயருக்குப் பதிலா ரெண்டு தடித்த ஒயர், முனையில் பித்தளைக் கிளிப். சேஸிஸ் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு தகரக் குப்பி. வைப்ரேட்டர். அப்போதுதான் எனக்குக் கை நின்றது. இது பேட்டரி செட். அப்பா தலையில் தூக்கிச் சுமந்த பேட்டரி இந்தக் கிளிப்பில்தான் மாட்டியிருக்கும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லணும். கரண்டு வராத கிராமங்களில் அந்தக் காலத்தில் ரேடியோ பாடினது இப்படித்தான். கார் பேட்டரி 6 வோல்ட் கொடுக்கும். ஆனால் வால்வு வேலை செய்ய 200 வோல்ட் அளவுக்கு வேணும். அந்த வைப்ரேட்டருக்குள் ஒரு இரும்பு நாக்கு விநாடிக்கு நூறு தடவைக்கு மேல் ஆடி, பேட்டரியின் மின்சாரத்தை வெட்டி வெட்டி டிரான்ஸ்பார்மருக்கு அனுப்பும். டிரான்ஸ்பார்மர் அதை ஏற்றிக் கொடுக்கும். செட் போட்டதும் வண்டு பறக்கிற மாதிரி ஒரு ரீங்காரம் கேட்கும். அதுக்கு மேலேதான் பாட்டு. தினமும் ரெண்டு மூணு மணி நேரம் கேட்டால் ஒரு வாரத்தில் பேட்டரி இறங்கிவிடும். டவுனுக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றணும்.

1953லிருந்து 1963 வரைக்கும் அந்தப் பேட்டரியைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது எங்க அப்பா. மன்னார்குடிக்கு ஏழு மைல். காலியானதைக் கொடுத்துவிட்டு, போன வாரம் கொடுத்து சார்ஜ் ஏறினதைத் தூக்கி வரணும். போகும்போதும் சுமை, வரும்போதும் சுமை. பதினைந்து கிலோவுக்குக் குறையாது. தலையில் சும்மாடு வைத்து அதுக்கு மேல் பேட்டரி. நடக்க நடக்க மூடி வழியா ஆசிட் தண்ணி துளித்துளியா வழியும். சும்மாட்டுத் துணி நனைந்து கந்தலாகிவிடும். துணிக்கு அப்புறம் முடி. முடிக்கு அப்புறம் தோல்.

தலைச்சுமையைத் தூக்கிவிட ஒரு ஆள் வேணும். தனியா போகிறவருக்கு வழியில் யார் தூக்கிவிடுவா? பாதி வழியில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. அது வரைக்கும் இறக்காமல் நடக்கணும். எரிந்தாலும் நடக்கணும். ஆறு வயசில் ஒரு தடவை நானும் கூடப் போயிருக்கிறேன். 'எரியுதாப்பா?' என்று கேட்டேன். 'பேசாம வாடா, பேசினா தலை ஆடும்' என்றார். அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கிறது.

கொண்டுவந்த பேட்டரியை வாசலில் இறக்கி வைக்கணும். உள்ளேயிருந்து ஒருத்தர் வந்து அதுமேல் தண்ணி தெளித்துத் துடைத்து எடுத்துப்போவார். பெட்டியை நாங்க தொட்டால் தீட்டு. அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வருகிற மின்சாரத்துக்குத் தீட்டு கிடையாது. அதிலிருந்து வருகிற பாட்டுக்கும் கிடையாது. ஒரு தடவை வழியில் கால் இடறி ஆசிட் கொட்டிப்போச்சு. அந்த வாரம் திருச்சி நிலையத்தில் யாரோ பெரிய வித்வான் பாடிக்கொண்டிருக்கும்போது செட் நின்றுவிட்டது. அதுக்காக அப்பாவுக்குக் கொடுக்க வேண்டிய கூலியில் ஒரு மரக்கால் நெல்லைப் பிடித்துக்கொண்டார்கள். பேட்டரி தூக்குவதுக்குத் தனிக் கூலி கிடையாது. பிடிப்பு மட்டும் உண்டு. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952லேயே வந்துவிட்டது. சட்டம் வந்த பிறகுதான் அப்பா இந்தப் பேட்டரியைச் சுமந்தார் என்பதை வருஷத்தை வைத்தே பார்த்துக்கொள்ளலாம்.

1963இல் எங்க ஊருக்குக் கரண்டு வந்தது. மேலத்தெருவுக்கு மட்டும். சேரிக்கு வர இன்னும் பதினாறு வருஷம் ஆச்சு. அந்த வீட்டில் புதுசா கரண்டு செட் வாங்கினார்கள். இது பரணுக்குப் போனது. கொஞ்ச வருஷம் கழித்து ஏ.டி.டி.-27 என்ற குறுவை நெல் வந்தது. திருச்சி வானொலி சொல்லிச் சொல்லிப் பரவினதால் தஞ்சாவூர்ப் பக்கம் அதுக்கு 'ரேடியோ நெல்' என்றே பேர். ரேடியோ நெல்லை நாற்று விட்டு, நட்டு, அறுத்து, அடித்தது நாங்க. அதை எப்படிப் பயிர் செய்யணும் என்று ரேடியோ சொன்னபோது வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்றதும் நாங்க. மகசூல் கூடினபோது கூலியையும் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்று கேட்டதுக்கு என்ன பதில் கிடைத்தது என்பதை நான் எழுதத் தேவையில்லை. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேர். அப்போ எனக்குப் பதினொரு வயசு. எங்க தெருவில் அன்றைக்கு ஒரு வீட்டிலும் ரேடியோ இல்லை. சேதி வாய்வழியாத்தான் வந்தது.

நான் ரேடியோ வேலைக்குப் போனதுக்கு அப்பாதான் காரணம். 'அந்தப் பொட்டிக்குள்ள என்னதான் இருக்குன்னு நீயாவது பாரு' என்றார். டவுனில் ஒரு கடையில் எடுபிடியா சேர்ந்தேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி 'எந்த ஊரு?' இரண்டாவது கேள்வி 'எந்தத் தெரு?' நான் ஊரையும் மாத்திச் சொன்னேன், தெருவையும் மாத்திச் சொன்னேன். ஆறு வருஷம் அந்தப் பொய்யோடு வேலை கற்றுக்கொண்டேன். பெரிய பெரிய வீட்டுக் கூடத்துக்குள் போய் ரேடியோ பார்த்திருக்கிறேன். காபி கொடுப்பார்கள். பயந்து பயந்து குடிப்பேன். ஒரு வீட்டில் எப்படியோ தெரிந்துபோனது. அடுத்த தடவை போனபோது ரேடியோவைத் திண்ணைக்குத் தூக்கிவந்து வைத்திருந்தார்கள். 'வெளிச்சம் இங்கதாம்ப்பா நல்லா இருக்கு' என்றார்கள்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டேதான் அந்தச் செட்டில் கை வைத்தேன்.

பழைய வால்வு ரேடியோவில் முதலில் சாகிறது கண்டன்சர். மெழுகு போட்ட காகிதக் கண்டன்சர். ரெண்டு அலுமினியத் தாளுக்கு நடுவே மெல்லிசா காகிதம் வைத்துச் சுருட்டி, மெழுகில் தோய்த்து, அட்டைக் குழலுக்குள் போட்டு, ரெண்டு பக்கமும் அடைத்திருப்பார்கள். எந்தக் கம்பெனி செய்ததும் இப்படித்தான். வருஷம் ஆக ஆக காகிதம் ஈரத்தை இழுக்கும். காகிதத்துக்குள்ளேயே புளிப்பு ஏறும். வெளியே பார்த்தால் லேபிள், எழுத்து எல்லாம் அப்படியே இருக்கும். உள்ளே கசிய ஆரம்பித்திருக்கும். சாதாரண மீட்டரை வைத்துப் பார்த்தால் சில சமயம் நல்லா இருக்கிற மாதிரியே காட்டும். அது தாங்க வேண்டிய வோல்ட்டைக் கொடுத்துப் பார்த்தால்தான் யோக்கியதை தெரியும். கசிகிற கண்டன்சர் தான் மட்டும் கெடாது. ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்குப் பாட்டை மட்டும் விட்டு வோல்ட்டை நிறுத்த வேண்டியது அதன் வேலை. அது வோல்ட்டையும் விட்டுவிட்டால் அடுத்த வால்வு அளவுக்கு மேல் இழுத்துச் சூடாகி, டிரான்ஸ்பார்மரையும் சேர்த்து எரித்துவிடும்.

இந்தச் செட்டில் அப்படிப் பதினான்கு இருந்தன. புதுசு போட்டால் ஒரு நாள் வேலை. மஞ்சள் கலரில் பாலியஸ்டர் கண்டன்சர் 630 வோல்ட்டில் கிடைக்கும். ஆனால் அந்தத் தம்பி, 'உள்ள திறந்து பாத்தாலும் பழசாவே தெரியணும் சார். சேகரிக்கிறவங்க வந்தா திறந்து காட்டச் சொல்லுவாங்க' என்றார். அப்படியென்றால் பழைய கூட்டுக்குள் புது உயிர் வைக்கணும்.

ஒவ்வொன்றா எடுத்து, தலைமுடி காய வைக்கிற டிரையரால் இளஞ்சூடு காட்டணும். அவசரப்பட்டால் லேபிளில் மெழுகு ஊறிக் கறையாகிவிடும். மெழுகு இளகினதும் உள்ளே இருக்கிற சுருளை மெதுவா உருவி எடுக்கணும். சில சுருள் முழுசா வரும். சிலது கறுப்பா, சொதசொதன்னு வரும். குழலைத் துடைத்துக் காயப்போட்டு, உள்ளே புதுக் கண்டன்சரை வைத்து, ஆடாமல் இருக்கக் காகிதம் திணித்து, பழைய ஒயர் கனத்துக்கே ஈயம் பூசின செம்புக் கம்பி கொடுத்து, ரெண்டு முனையையும் மெழுகால் அடைக்கணும். நான் மெழுகுவத்தி மெழுகோடு தேன்மெழுகு, கொஞ்சம் குங்கிலியம் சேர்த்துக் காய்ச்சுவேன். ரொம்பக் காய்ந்ததை ஊற்றினால் புதுசும் கெட்டுப்போகும். நாலு குழல் உடைந்தே இருந்தது. அதுக்குப் பழுப்புக் காகிதத்தைக் கம்பியில் சுற்றி மைதாப் பசை போட்டு நானே குழல் செய்தேன். லேபிளைப் படம் எடுத்து, பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அதே அளவுக்கு அச்சடித்து ஒட்டி, மெழுகில் முக்கி எடுத்தேன்.

வைப்ரேட்டர் செட்டில் ஒரு கண்டன்சர் ரொம்ப முக்கியம். டிரான்ஸ்பார்மரின் மேல்பக்கத்தில் குறுக்கே போட்டிருப்பார்கள். இதில் 0.01 மைக்ரோபாரட், 1600 வோல்ட். இரும்பு நாக்கு ஒவ்வொரு தடவை விலகும்போதும் ஒரு அடி எழும்பும். அந்த அடி முழுசையும் அது தாங்கிக்கொள்ளும். அது போனால் வைப்ரேட்டர் கருகிப்போகும். அதில் மட்டும் 630 வோல்ட் போட்டால் நிற்காது. 2000 வோல்ட் தாங்குகிறதா தேடி வாங்கிப் போட்டேன். விநாடிக்கு நூறு அடி வாங்குகிற அதை வெளியே யாருக்கும் தெரியாது. அதை மெழுகு வைத்து அடைக்கும்போது அப்பா ஞாபகம் வந்தது என்று சொன்னால் மிகையா இருக்கும். ஆனால் வந்தது.

இன்னொன்றும் தோன்றியது. இந்தக் கூட்டில் இருப்பது பழைய பேர். உள்ளே இருப்பது வேற. ஆறு வருஷம் அந்தக் கடையில் நானும் இப்படித்தானே லேபிள் ஒட்டிக்கொண்டு இருந்தேன்.

ஒன்பது நாள் ஆச்சு. பத்தாம் நாள் 6 வோல்ட் கொடுத்தேன். ரீங்காரம் எழும்பியது. கொஞ்ச நேரத்தில் வால்வு எல்லாம் சிவந்தது. செல்போனில் இருந்த ஒரு நாகசுரத்தை சிக்னல் ஜெனரேட்டர் வழியா விட்டேன். நல்லா வந்தது. அம்மாவைக் கூட்டிவந்து கேட்க வைத்தேன். அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயசு. அந்த வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளினவர். நாகசுரத்தை அவர் கவனிக்கவில்லை. 'இந்த வண்டுச் சத்தந்தான்டா எனக்குக் கொல்லையில கேக்கும்' என்றார். பெட்டியை ஒரு தடவை தடவிப் பார்த்தார். அறுபது வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையா தொடுகிறார். அப்புறம் கேட்டார்: 'இதுக்காடா ஒங்கப்பன் மண்டை வெந்துச்சு?'

எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தத் தம்பி வந்தார். கேட்டதும் முகமெல்லாம் சிரிப்பு. செல்போனை எடுத்து, 'சார், ரேடியோ பக்கத்துல வைக்கிறதுக்கு எழுதினது. தமிழ் சரியா இருக்கான்னு பாருங்க' என்று நீட்டினார். '1953இல் எங்கள் கிராமத்துக்கு வந்த முதல் வானொலி. மாலை நேரங்களில் ஊரே எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடி இதைக் கேட்டு மகிழ்ந்தது.'

'ஊரே கேக்கல தம்பி' என்றேன்.

'என்ன சார்?'

அப்போதுதான் சொன்னேன். நான் யார், எந்தத் தெரு, அப்பா யார், பேட்டரி, ஏழு மைல், தண்ணி தெளித்தது, ஒரு மரக்கால் நெல். குரலை உயர்த்தவில்லை. 'ஊருங்கிறது மேலத்தெருன்னா நீங்க எழுதினது சரிதான். நாங்க சேரி. எங்களை நீங்க ஊர்ல சேத்துக்கிட்டது இந்த அட்டையிலதான்' என்றேன்.

அவருக்கு முகம் சிறுத்துவிட்டது. நல்ல பிள்ளைதான். 'எனக்குத் தெரியாது சார். வீட்ல யாரும் சொன்னதில்ல' என்றார். பொய் சொல்லவில்லை. யார் சொல்லியிருப்பார்கள்? 'அந்த அட்டையில ஒரு வரி சேருங்க தம்பி, பேட்டரியைச் சுமந்தது யாருன்னு' என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'வர்றவங்க ரிலாக்ஸ் பண்ண வர்றாங்க சார். இதெல்லாம் எதுக்குன்னு அப்பா கேப்பாங்க' என்றார்.

நான் சேஸிஸைத் திருப்பிக் காட்டினேன். பழைய கண்டன்சர் மாதிரி செய்து போட்டால், அது போலி என்று எழுதி வைக்க வேண்டியது மெக்கானிக்கின் கடமை. இல்லாவிட்டால் அடுத்துத் திறக்கிறவன் லேபிளை நம்பி ஏமாந்துபோவான். அதனால் பெட்டிக்குள் பக்கவாட்டில் எப்பவும் ஒரு சீட்டு ஒட்டுவேன். இதிலும் ஒட்டியிருந்தேன். 'மெழுகுக் கண்டன்சர் 14ம் உள்ளே புதுசு. கூடு மட்டும் பழசு. வேலை முடிந்தது மாசி, 2023.' அதுக்குக் கீழே என் பேர், எங்க தெருப் பேர். இந்தத் தடவை மாத்தாமல் எழுதினேன். அதுக்கும் கீழே அப்பா பேரை முழுசா எழுதி, '1953 முதல் 1963 வரை இந்தச் செட்டுக்குப் பேட்டரி சுமந்தவர்' என்று எழுதியிருந்தேன்.

அவர் ரெண்டு தடவை படித்தார். கிழித்துவிடுவாரோ என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. 'பரவால்ல சார், உள்ளதானே இருக்கு' என்றார்.

கோபமா சொல்லவில்லை. எனக்குச் சாதகமா விட்டுக்கொடுக்கிற மாதிரிதான் சொன்னார். அதுதான் எனக்கு வலித்தது. அப்பா காலத்தில் எங்களை வெளியே நிறுத்தினார்கள். இப்போ உள்ளே இருந்துகொள்ளலாம், வெளியே தெரியக்கூடாது. அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

கூலி பதினாலாயிரம் சொன்னேன். கொஞ்சம் குறைக்கலாமா என்று கேட்டார். குறைக்கவில்லை. எண்ணி வாங்கிக்கொண்டேன். அம்மாவிடம் கொடுத்தேன். 'சின்ன ஆண்டை குடுத்ததா?' என்று கேட்டுவிட்டார். 'ஆண்டை இல்லம்மா, நான் செஞ்ச வேலைக்குக் கூலி' என்று சத்தம் போட்டேன். பாவம், எண்பத்தெட்டு வயசில் வாயில் வருகிறது. சத்தம் போட்டிருக்க வேண்டாம்.

அந்தக் கூடத்தில் ரேடியோ இப்போது பாடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் அந்த அட்டையும் இருக்கும். நான் போய்ப் பார்க்கவில்லை. அட்டையில் சேர்க்க மறுத்த வரியை இங்கே எழுதிவிட்டேன். இதைப் படிக்கிற உங்களில் யாராவது அந்தப் பக்கம் போய் அப்படி ஒரு ரேடியோவைப் பார்த்தால், பின்பக்க அட்டையைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். வலது பக்கம், வைப்ரேட்டருக்கு மேலே அந்தச் சீட்டு இருக்கும்.